மஞ்சள் காற்சட்டைக்காரன் மறுபடி விழுந்தான்

தாரகா கை காட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்தா நிக்கிறாள்! மூண்டு மணியெண்டால் மூண்டு மணிதான்" என்றாள் நகுலேஸ்வரி.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு புடவைக் கடைக்கு மேலே இருந்தது அவளுடைய தையல் அறை. மெஷினுக்குப் பக்கத்தில் கணினி. திரையில் பிரெஞ்சு மலையொன்றின் உச்சி. நீல வானம், வெள்ளைச் சரிவு, சிவப்புச் சால்வை சுற்றிய மகள்.

பனிச்சறுக்க வருகிறவர்கள் பனி எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக அந்த மலைக்காரர்கள் உச்சியில் ஒரு கமரா வைத்திருந்தார்கள். கால் மணிக்கொரு படம் இணையத்தில் மாறும். லீட்ஸில் படிக்கும் தாரகா சிநேகிதிகளோடு ஒரு வாரம் அங்கே போகக் கேட்டபோது, நகுலேஸ்வரி அந்தக் கமராவை நம்பித்தான் சம்மதித்தாள்.

"ஒவ்வொரு நாளும் மூண்டு மணிக்கு அதுக்குக் கீழ நிண்டு கை காட்டோணும். நான் பாத்திட்டு 'கண்டிட்டன்' எண்டு மெசேஜ் போடுவன். போடுமட்டும் அசையப்படாது."

"மேகம் மூடினா மேல சிக்னல் போயிடும் அம்மா."

"அப்ப மேகம் போகுமட்டும் நில்."

தாரகா சிரித்தாள். ஆனால் நிற்பாள். போன வருடம் ஒரு மாலை அவளுடைய போனில் சார்ஜ் தீர்ந்தபோது, லீட்ஸ் ஹொஸ்டல் வாசலுக்குப் பொலிஸையே அனுப்பியவள் நகுலேஸ்வரி. அதற்குப் பிறகு மகள் ஒரு நிபந்தனையையும் மீறியதில்லை.

இப்போது அது குடும்பத்துக்கே வாடிக்கையாகிவிட்டது. லண்டனின் மிச்சம், பிளேஸ்டோ பகுதிகள், பாரிஸ் என்று எல்லா உறவினர் வீட்டிலும் மூன்று மணிக்கு அந்தப் பக்கம் திறந்திருக்கும்.

'கண்டிட்டன்' என்று தட்டி அனுப்பினாள். ஒற்றைச் சரி அடையாளம் விழுந்தது. இரண்டாவது விழவில்லை.

குடும்ப வாட்ஸப்பில் மிச்சத்திலிருந்து அண்ணன் யோகலிங்கத்தின் குரல்: "தங்கச்சி, அந்த மஞ்சள் காற்சட்டை இண்டைக்கும் விழுந்திட்டான்! இவனுக்குப் பனியில படுக்கிறதுதான் உத்தியோகம் போல!"

சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. நகுலேஸ்வரியும் சிரித்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றது.

நேற்று தாரகாவுக்குப் பின்னால் ஒருவன் மல்லாந்து விழுந்து கிடந்தான். மஞ்சள் காற்சட்டை. இரண்டு கால்களும் ஆகாயத்தில். கழன்று போன சறுக்குப் பலகை ஒன்று பனியில் குத்திட்டு நின்றது. இன்றும் அதே கால்கள். அதே பலகை, அதே இடத்தில், அதே சாய்வில்.

"இஞ்சருங்கோ" என்றாள். குரல் அவளுடையது போலவே இல்லை. "இது நேற்றையான் படம்."

"உமக்குக் கண் பூத்துப் போச்சு." பிளவுஸ்களுக்குக் கொக்கி பிரித்துக்கொண்டிருந்த கணவன் ஞானேஸ்வரன் எழுந்து வந்தான். குனிந்து பார்த்தான். முகத்திலிருந்த கேலி வழிந்து போனது. "கீழ என்னவோ எழுதிக் கிடக்கு. வாசியும்."

இத்தனை நாளும் அவள் படத்துக்குக் கீழே போனதேயில்லை. லண்டனுக்கு வருமுன் பாரிஸில் வாழ்ந்தவள், பிரெஞ்சு தெரியும். வாசித்தாள்.

புதுப்பனி நாற்பது சென்டிமீட்டர். உச்சியில் காற்று மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர். இரவு எதிர்பார்த்த புயல் மதியமே வந்துவிட்டது. உச்சிக்கு ஏற்றும் லிப்டுகள் மூடப்பட்டன. பனிச்சரிவு அபாயம் ஐந்தில் நான்கு. எல்லாவற்றுக்கும் அடியில் சின்ன எழுத்தில்: உச்சிக் கமரா நேற்று இந்தப் படத்தோடு நின்றுவிட்டது.

"மூடிட்டாங்களெண்டா அவள் கீழதான் நிப்பாள். ஹோட்டல்ல இருந்து சொக்லேட் குடிப்பாள்" என்றான் ஞானேஸ்வரன்.

"அப்ப ஏன் மெசேஜ் போகேல்லை?"

ஹோட்டலில் சிக்னல் நன்றாக எடுக்கும். உச்சியில்தான் போகும். லிப்டுகளை மூடுமுன்னமே அவள் மேலே போயிருப்பாள்.

அந்த இணையப் பக்கத்தில் இருந்த அவசர இலக்கத்தைக் கணவனின் போனில் அழைத்தாள். பிரெஞ்சில் ஓர் ஆண்குரல். பின்னால் காற்று ஊளையிட்டது.

"உச்சியில் யாருமில்லை, மேடம். மூடுமுன் எங்கள் ஆட்கள் சுற்றிப் பார்த்துவிட்டார்கள்."

"கமராக் கம்பத்துக்குக் கீழே?"

"அது லிப்ட் குடிலுக்குப் பின்பக்கம். அங்கே யாரும் நிற்பதில்லை."

"என் மகள் நிற்பாள்."

"இந்தப் புயலிலா? ஏன்?"

"நான் சொன்னபடியால்."

"லைனில் இருங்கள்." யாரையோ கூப்பிடும் சத்தம். பனி ஸ்கூட்டர் ஒன்று இருமிக்கொண்டு கிளம்பியது.

ஜன்னலுக்கு வெளியே லண்டன் மழை சிணுங்கியது. கீழே பஸ் ஒன்று பெருமூச்சு விட்டு நின்று போயிற்று. மேசையில் கிடந்த அவளுடைய போனில், படத்தைப் பார்த்த பாரிஸ் சித்தி எழுதியிருந்தாள்: 'பிள்ளை கொஞ்சம் மெலிஞ்சிட்டாள்.'

திரையில் தாரகா ஓயாமல் கை காட்டினாள்.

முருகா, அவள் என்ரை சொல்லைக் கேளாமல் போயிருக்கோணும். வாழ்க்கையில் முதல் தடவையாக நகுலேஸ்வரி அப்படி வேண்டினாள்.

"மேடம்! கண்டுபிடித்துவிட்டோம். உயிரோடு இருக்கிறாள்."

மனைவியின் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்ட ஞானேஸ்வரன் துணிக்குவியல் மேல் பொத்தென்று உட்கார்ந்தான்.

"ஆனால் ஸ்கூட்டரில் ஏற மறுக்கிறாள். கம்பத்தைக் கட்டிப்பிடித்திருக்கிறாள். குளிர் மூளைக்கு ஏறினால் இப்படித்தான், மனம் ஒன்றையே பிடித்துக்கொண்டு விடாது. எங்கள் ஆள் தனியாள், பிய்த்தெடுக்க முடியவில்லை. மேலே பனி வெடிக்கத் தொடங்கிவிட்டது. திரும்பத் திரும்ப ஏதோ கேட்கிறாளாம், மொழி புரியவில்லை. போனை ரேடியோவோடு சேர்த்துப் பிடிக்கிறேன். பேசுங்கள்!"

கரகரப்பு. காற்று. அதற்குள்ளிருந்து, தடித்துப்போன நாக்கோடு ஒரு குரல்.

"அம்மா... கண்டிட்டீங்களோ?"

நகுலேஸ்வரி திரையைப் பார்த்தாள். நீல வானம். மல்லாந்து கிடக்கும் மஞ்சள் காற்சட்டை.

"கண்டிட்டன் பிள்ளை."

"சால்வை... தெரியுதோ?"

"வடிவாத் தெரியுது. அந்த ஆளின்ரை கையைப் பிடிச்சு ஏறு. கீழ போ பிள்ளை. ஓடு!"

எஞ்சின் உறுமியது. அதன் மேலாக இன்னொரு சத்தம், அடிவயிற்றில் கேட்கிற மாதிரி, எங்கோ மிகப் பெரிதாய் ஏதோ முறிகிற சத்தம். ரேடியோ அறுந்தது.

"ஹலோ? ஹலோ!"

மறுமுனையில் அந்த மனிதன் வேறு யாரையோ கத்திக் கத்திக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஞானேஸ்வரனின் கையிலிருந்த கொக்கிகள் ஒவ்வொன்றாகத் தரையில் உதிர்ந்தன.

பிறகு அந்த மனிதனின் குரல் திரும்பியது.

"கீழ் நிலையத்துக்கு வந்துவிட்டார்கள். இருவரும். அவளுக்கு விரல்கள் மரத்திருக்கின்றன, மருத்துவர் பார்க்கிறார்." மூச்சு வாங்கினான். "அந்தக் கம்பம் இப்போது இல்லை, மேடம். குடிலும் இல்லை."

நகுலேஸ்வரி நன்றி சொன்னாள்.

மேசையில் போன் மினுங்கியது. மிச்சத்து அண்ணன்.

'நாளைக்கும் மூண்டு மணிதானே, தங்கச்சி?'

திரையில், இல்லாமல் போன கம்பத்தின் கீழ், தாரகா சிரித்தபடி கை காட்டிக்கொண்டிருந்தாள்.