மொச்சையும் நெல்லும்

எங்கள் நாட்டில் ஆட்டு உரோமம் கத்தரிப்பவர்களுக்குள் ஒரு நியதி உண்டு. ஆடு ஈரமாக இருந்தால் கத்தரியைத் தொடுவதில்லை. ஈரக் கம்பளியின் குளிர் கத்தரிப்பவனின் மூட்டுகளில் இறங்கும், நெஞ்சில் தங்கும் என்பது தலைமுறைகளாக நாங்கள் உடம்பால் அறிந்தது. ஆனால் ஆடு ஈரமா, உலர்ந்ததா என்று முடிவு சொல்லும் உரிமை பண்ணை முதலாளிக்கு இல்லை. ஒவ்வொருவனும் இரண்டு ஆடுகளைக் கத்தரித்துப் பார்ப்பான். பிறகு ரகசியமாக ஓட்டுப் போடுவான். பெரும்பான்மை எதைச் சொல்கிறதோ அதுவே அன்றைய ஆட்டின் நிலை. போருக்குப் புறப்பட்டபோது இந்த நியதியையும் துப்பாக்கியோடு சேர்த்தே சுமந்து போனோம். துப்பாக்கியைப் பறித்தவர்கள் இதைப் பறிக்கவில்லை.

நாங்கள் மேற்கு ஆஸ்திரேலியக் காலாட்படையினர். நாற்பத்திரண்டாம் ஆண்டு ஜூலையில், எகிப்தியப் பாலைவனத்தில், இடிந்த வீடொன்று நின்ற மேட்டை இரவில் கைப்பற்றினோம். கைப்பற்றியது எளிதாயிருந்தது, காத்து நிற்கத்தான் முடியவில்லை. எங்களுக்குப் பின்னே கண்ணிவெடிப் பாதையில் தோட்டா ஏற்றி வந்த லாரிகள் பந்தங்களைப்போல் வரிசையாக எரிந்தன. விடிந்தபோது ஜெர்மன் டாங்கிகள் மூன்று புறமும் நின்றன. எங்கள் பிரிவின் கார்ப்பரல் பெர்ஸ் ட்ரூவின் என்பவர், துப்பாக்கிகள் பகைவருக்குப் பயன்படாதபடி அவற்றின் தாழ்களைக் கழற்றி மணலில் புதைக்கச் சொன்னார். புதைத்தோம். கைகளை உயர்த்தினோம். அதன்பின் பெங்காசியின் முள்வேலி, கப்பலின் இருட்டறை, வட இத்தாலியில் ஒரு பெருமுகாம். அம்முகாமின் பனிக்காலத்தில் நெஞ்சுச் சளி கண்டவர்களில் பாதிப்பேர் கல்லறைத் தோட்டத்துக்குத்தான் வெளியேறினார்கள்.

மறு வசந்தத்தில் எங்களில் சிலரை வெர்செல்லிச் சமவெளியின் நெற்பண்ணைகளுக்கு அனுப்பினார்கள். முழங்கால் ஆழ நீரில் நின்று களை பறிக்கும் வேலை. கோதுமைக் காட்டில் பிறந்த எங்களுக்கு நெல்லுக்கும் களைக்கும் வேற்றுமை தெரியவில்லை. தெரிந்த பிறகும் தெரியாதவர்களாகவே இருந்தோம். மேய்ப்பன் கோடை மேய்ச்சலுக்கு மலையேறுமுன் பண்ணை ஆடுகளைக் கத்தரித்தாக வேண்டும் என்ற நிலை வந்தபோது, பண்ணை மேலாளர் ஒல்லாரோ கைதிகளுள் கத்தரிக்கத் தெரிந்தவர் யார் என்று கேட்டார். ஏழு பேர் கைதூக்கினோம். நீரிலிருந்து கூரைக்கடியில் வந்தோம். அதுவே பெரும்பேறாக இருந்தது, கிளாரிக்குத் தவிர.

கிளாரி மட்ஜ் எங்கள் பிரிவில் என் பக்கத்து ஆள். வயல் நீர் அவன் நெஞ்சைப் பிடித்திருந்தது. நான்கு நாளாகச் சுரம். வெளியே சொல்லவில்லை, சொன்னால் அன்று மாலை லாரியிலேயே பெருமுகாமுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே போனால் என்ன ஆகும் என்பதை அவனும் அறிவான், நாங்களும் அறிவோம்.

கத்தரிக்கத் தொடங்கிய நாளின் முந்தைய இரவெல்லாம் மழை பெய்திருந்தது. ஆடுகள் நனைந்த மெத்தைகளாய்த் தொழுவத்துக்குள் வந்தன. ஆளுக்கு இரண்டைக் கத்தரித்ததும் பெர்ஸ் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். எங்கள் பிரதிநிதியாக அவரைத்தான் தேர்ந்திருந்தோம். ஊரில் அவர் மெதடிஸ்ட் சபையின் பிரசங்கியார். பொய் பேசாதவர், ஞாயிறன்று உழைக்காதவர், பாலைவனத்திலும் இறைவனுக்கு நன்றி சொல்லிவிட்டே உணவைத் தொட்டவர். மொச்சைக்கொட்டை போட்டால் ஈரம், நெல்மணி போட்டால் உலர்வு என்று வகுத்தார். எல்லாம் மொச்சையாகவே விழுந்தன.

காவலாள் நூன்சியோ துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினான். ஒல்லாரோ ஓடிவந்தார். எங்களுள் ரீகன் என்பவன் ஊரில் இத்தாலிய விறகுவெட்டிகளோடு சேர்ந்து வேலை செய்தவன். அவனே எங்கள் நாக்கு.

"என்னவாம் அவருக்கு?" என்றார் பெர்ஸ்.

"கைதிக்கு ஏதுடா ஓட்டுன்னு கேக்குறாரு. அவரே ஓட்டுப் போட்டு இருபது வருசமாச்சாம். பாவமாத்தான் இருக்கு."

"ஈரக் கம்பளிய மூட்டையில கட்டினா உள்ளுக்குள்ள சூடேறி அழுகிரும்னு சொல்லு. ஆலைக்காரன் திருப்பி அனுப்பிருவான்னு சொல்லு."

ஒல்லாரோ ஓர் ஆட்டின் உரோமத்துக்குள் கைவிட்டுப் பார்த்தார். விரல்கள் நனைந்து வந்தன. அவற்றைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு ஏதோ சொல்லிப் போய்விட்டார்.

"தொப்பிக்காரன் சொன்னது சரிதானாம். நாளைக்குப் பாத்துக்கலாமாம்" என்றான் ரீகன்.

மற்றக் கைதிகள் விடியலிலேயே வயலுக்குப் போயிருந்தார்கள். எங்கள் ஏழு பேரையும் அங்கே நடத்திப்போக நூன்சியோ ஒருவன் போதாது. ஆகவே அன்று முழுவதும் தொழுவத்தில் சும்மா இருந்தோம். எல்லோரும் வைக்கோலில் கிடந்ததால், கிளாரி கிடந்தது யார் கண்ணிலும் தனித்துப் படவில்லை.

மறுநாள் வானம் கழுவித் துடைத்தாற்போல் இருந்தது. வெயிலோடு மலைக்காற்றும் வீசிற்று. முற்பகல் கழிவதற்குள் ஆடுகள் நன்றாக உலர்ந்துவிட்டன. கிளாரியின் உடம்போ அடுப்புக்கல்லாய்க் கொதித்தது. இரண்டாவது ஆட்டின் பாதியில் அவன் கையிலிருந்து கத்தரி நழுவிற்று. நான் குனிந்து எடுத்து அவன் கையில் வைத்தேன். நூன்சியோ வாசலில் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

காயம்பட்டோரைச் சுமந்த அனுபவமுள்ள ஒருவன் எங்களில் இருந்தான். கிளாரியின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு ஒரு நாள் அசையாம கெடந்தான்னா சுரம் எறங்கும். குனிஞ்சு நிமிந்தான்னா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்றான்.

ரீகன் பெர்ஸின் அருகில் போய்க் குந்தினான்.

"பிரசங்கியாரே, ஆடு எப்படி இருக்கு?"

"ஓட்டுக்கு முந்தி அதப் பேசக் கூடாது. உனக்குத் தெரியும்."

"மொச்சை நெறையக் கெடக்கு. எடுத்துப் போடுங்க, அவ்வளவுதான்."

"டேய், ஓட்டுக் கேக்குறதும் தப்புதான்."

"நான் பாவி. கத்தோலிக்கன். எங்க சாமியார்கிட்டச் சொன்னா கழுவி விட்டுருவாரு. உங்களுக்குத்தான் அந்த வசதி இல்ல. அந்தப் பயலப் பாருங்க ஒரு தடவ."

"பாத்துட்டுதாண்டா இருக்கேன்."

"பாத்துட்டு?"

"என் கை தொட்டத என் கைதான் சொல்லணும். எந்திரிச்சுப் போ."

ரீகன் எழுந்து வந்து என் காதில், "இந்த மனுசன் மோட்சத்துக்குப் போறப்ப கிளாரி முன்னாடியே போயி கதவத் தெறந்து விடுவான்" என்றான்.

எனக்கும் அச்சமாகவே இருந்தது. எங்களில் இருவர் பெர்ஸின் சபையைச் சேர்ந்தவர்கள். அவர் வழியே போகக்கூடியவர்கள். வேறொருவன் நூன்சியோவின் துப்பாக்கிக்கு அஞ்சுபவன். நெல் நான்கு விழுந்துவிட்டால் கத்தரியை எடுத்தே ஆக வேண்டும். எடுக்க மறுப்பது என்பது எங்களில் எவனும் எண்ணிப்பாராத காரியம். ஓட்டு ஓட்டுதான்.

தொப்பி சுற்றி வந்தது. கையை மூடி உள்ளேவிட்டு மூடியே வெளியே எடுத்தோம். கிளாரி வைக்கோலில் சாய்ந்தபடியே போட்டான். பெர்ஸ் கடைசியாகப் போட்டுவிட்டு, ஒரு சாக்கின்மேல் தொப்பியைக் கவிழ்த்தார். ஆறு மொச்சை. ஒரு நெல்.

ரீகன் அந்த நெல்லைப் பார்த்தான். பிறகு பெர்ஸைப் பார்த்தான். நாங்களும் பார்த்தோம். அவர் முகத்தில் மாற்றம் ஏதுமில்லை. "ஈரம்" என்று அறிவித்துவிட்டு மொச்சைகளைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஒல்லாரோ இம்முறை ஓடிவரவில்லை; நடந்தே வந்தார். அருகிலிருந்த ஆட்டின் முதுகில் கைவைத்தார். மணிக்கட்டுவரை உள்ளேவிட்டு, வெளியே எடுத்து, உலர்ந்த விரல்களை எங்கள் எல்லோருக்கும் தெரியும்படி விரித்துக் காட்டினார். நூன்சியோ சிகரெட்டைக் காலால் நசுக்கினான். ஒல்லாரோ பெர்ஸின் எதிரில் வந்து நின்று, குரலை உயர்த்தாமல் பேசினார்.

ரீகன் அதைத் தமாஷாக்கவில்லை. "நேத்து நீ சொன்னது உண்மைன்னு என் கையாலயே பாத்தேங்கிறாரு. அதனால இன்னிக்கும் உன் வாயாலயே கேக்கணுமாம். மத்தவங்க சொல்றது வேண்டாமாம். இந்த ஆடு ஈரமான்னு நீங்க சொல்லணுமாம்."

பெர்ஸுக்குத் தப்பும் வழி ஒன்று இருந்தது. 'எண்ணிக்கை அப்படிச் சொல்கிறது' என்று அவர் சொல்லியிருக்கலாம். அது உண்மையாகவும் இருந்திருக்கும். பிரதிநிதியின் கடமையும் அவ்வளவே. ஆனால் அந்த விடை ஒல்லாரோவுக்குப் போதாது என்பதை நாங்கள் எல்லோரும் உணர்ந்தோம். அவர் கேட்டது எண்ணிக்கையை அன்று, ஒரு மனிதனின் சொல்லை. கிளாரி வைக்கோலில் இருமினான். இருமலை அடக்க முயன்று, முடியாமல் மீண்டும் இருமினான். ஒல்லாரோவின் தலை அந்தப் பக்கம் திரும்பிற்று.

பெர்ஸ் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"ஈரம்தான்" என்றார்.

ரீகன் மொழிபெயர்க்கவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

 ஒல்லாரோவின் மகன் ரஷ்யப் பனிக்குப் போனவன் என்றும், ஜனவரிக்குப் பின் அவனிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை என்றும் பண்ணைப் பெண்கள் சொல்லிக் கேட்டிருந்தோம். அது அவர் நினைவில் வந்ததோ, மேய்ப்பனின் புறப்பாடு வந்ததோ, நான் அறியேன். அவர் விரலால் நாட்களை எண்ணி, ஏதோ சொன்னார்.

"ஞாயித்துக்கிழமையும் வேல செய்யணுமாம்" என்றான் ரீகன். "விடியலேர்ந்து இருட்டுற வரைக்கும். அப்படின்னா இன்னிக்கு ஈரம்னு ஒத்துக்கிறாராம்."

"சரின்னு சொல்லு" என்றார் பெர்ஸ்.

அன்று பொழுது சாய்கையில் கிளாரியின் உடம்பு குப்பென்று வியர்த்தது. சட்டையை இருமுறை பிழிந்தோம். சுரம் இறங்கிற்று. மறுநாள் ஓட்டு உலர்வு என்று ஒருமனதாக வந்தது, கத்தரித்தோம். கிளாரி மெதுவாகக் கத்தரித்தான். இரு பக்கமும் நாங்கள் நின்று, அவன் பங்கில் ஒன்றிரண்டை எங்கள் பக்கம் இழுத்துக்கொண்டோம்.

ரீகன் மட்டும் பெர்ஸை விடவில்லை. அந்த நெல்மணி அவன் பல்லிடுக்கில் மாட்டியதுபோல் இருந்தது. "கையி ஒண்ணு சொல்லுது, வாயி ஒண்ணு சொல்லுது. எங்க சபையில அதுக்கு ஒரு பேரு இருக்கு" என்பான். "நெல்லுப் போட்டுக் கணக்க நேர் பண்ணிட்டு, வாயால மட்டும் பாவம் பண்ணினா பாதி நரகம்தான் போல" என்பான்.  சனிக்கிழமை மாலை பெர்ஸின் சபைக்காரர் இருவரும் வந்து, வேலைக்குமுன் ஒரு சங்கீதமாவது பாடலாமா என்று கேட்டார்கள்.

"நீங்க பாடுங்க. நாளைக்கு நான் பாடப்போறதில்ல" என்றார்.

ஞாயிறு விடிந்தது. தொலைவில் கோயில் மணி ஒலித்தது. ஒல்லாரோவின் வீட்டார் கறுப்பு உடையணிந்து நடந்து போனார்கள். நாங்கள் தொழுவத்தில் இருந்தோம். பெர்ஸ் ஓர் ஆட்டை இழுத்து முழங்கால்களுக்கிடையே அமர்த்தினார். ஐம்பது வயதில், வாழ்வில் முதன்முறையாக, ஓய்வுநாளில் உழைக்கக் குனிந்தார். வயிற்றுப்புறத்தில் தொடங்கி, கழுத்தைச் சுற்றி, ஒரே விரிப்பாய்க் கம்பளி கழன்று விழுந்தது. அன்று அவர் வேலையில் ஒரு வெட்டுக்காயம்கூட இல்லை. முகத்தை மட்டும் ஆட்டின்மேலிருந்து அவர் நிமிர்த்தவில்லை.

மதிய ரொட்டிக்குக் கத்தரிகளை வைத்தபோது கிளாரி அவர் எதிரில் போய் அமர்ந்தான். கன்னங்கள் ஒட்டியிருந்தன, குரல் மட்டும் திரும்பியிருந்தது.

"பெர்ஸ், அந்த நெல்லு நான் போட்டது."

பெர்ஸ் ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்காக மத்த ஆறு பேரும் மாட்டிக்கிறது எனக்குப் பிடிக்கல. அதான் போட்டேன். நீங்க போட்டது மொச்சைன்னு..."

"கிளாரி."

"இல்ல, இந்த ரீகன் மூணு நாளா உங்கள..."

"ஓட்டு ரகசியம்டா" என்றார் பெர்ஸ். "யாரு என்ன போட்டான்னு நான் கேட்டேனா? நீயும் சொல்லாத. தின்னு முடிச்சிட்டு அந்த வெள்ளைக்கால் கறுப்பனப் பிடிச்சு வை. அவன் ஒதைக்கிறான்."

ரீகன் அங்கேயேதான் இருந்தான். வாயிலிருந்த ரொட்டி மெல்லப்படாமல் நின்றது. எழுந்தான். பெர்ஸின் பக்கத்தில் கிடந்த கத்தரியை எடுத்துப் போய், வாசல் கல்லில் நீர் தெளித்து, அலகை ஒருபுறமும் மறுபுறமுமாய் நெடுநேரம் தீட்டினான். பெருவிரலில் பதம் பார்த்துவிட்டுக் கொண்டுவந்து நீட்டினான்.

பெர்ஸ் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ரொம்பத் தீட்டிட்ட" என்றார்; அடுத்த ஆட்டை இழுத்தார்.