இருபத்தேழாவது மணி

சுலோஜனா பையிலிருந்த மணிக்காப்புகளில் ஒன்றை எடுத்துக் கையில் போட்டாள். அது முழங்கை வரை வழுக்கிப் போனது.

“என்னகா இது, மனிசருக்குக் கட்டவா, மாட்டுக்குக் கட்டவா?”

நிஸ்றா சிரிக்கவில்லை. அவள் கணவன் றிஷாட் மோட்டார் சைக்கிள் விபத்தில் மௌத்தாகி இரண்டு மாதம். ஏறாவூரில் உம்மா வீட்டு உள்ளறையில் இத்தா இருக்கிறாள். நாலு மாதமும் பத்து நாளும் முடியும்வரை வெளியே இறங்க முடியாது. இருந்த இடத்திலேயே காசுக்குக் காப்பு கோத்துக் கொடுக்கட்டும் என்று சுலோஜனாதான் இந்த மர மணிகளைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள்.

சுலோஜனா பனிச்சங்கேணி வாவிக்கரையில் ஒரு தியான நிலையத்தில் சமைக்கிறவள். அங்கே புத்த முறையில் தியானம் பழக வருகிறவர்கள், ஒரு மூச்சுக்கு ஒரு மணியாகத் தள்ளிக்கொண்டு இருப்பார்கள். காப்புக்கு இருபத்தேழு மணி. நாலு சுற்று வந்தால் நூற்றெட்டு.

சுலோஜனா எண்ணினாள். முப்பத்துமூன்று. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் முப்பத்துமூன்று. பையிலிருந்த நாற்பது காப்பும் அப்படித்தான்.

“மாதிரிக்கு ஒண்டு தந்தனான்தானே.”

தந்தது நிஸ்றாவுக்கு ஞாபகம் இருந்தது. தொழுது முடிந்து இறைவனைத் துதித்துத் தஸ்பீஹ் ஓதும்போது முப்பத்துமூன்று தடவையில் நின்று பழகிய விரல், கோக்கும்போதும் அங்கேயே போய் நின்றிருக்கிறது. ஓதிக்கொண்டா கோத்தாய் என்று சுலோஜனா கேட்டாள்.

“தெரியா அக்கா.”

மௌத்தானவருக்காக ஓது, ஓது என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஓதுகிறாள். உள்ளே ஒன்றும் அசைவதில்லை.

நாளைக் காலையில் நிலையத்துக்குப் புது ஆட்கள் வருகிறார்கள், இதைக் கண்டால் பொறுப்பாளர் அம்மா இனிக் கொழும்பிலேயே வாங்கிவிடுவா என்றாள் சுலோஜனா. இந்த வேலையும் போனால் மிச்ச நாளெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். நிஸ்றா கத்தரிக்கோலை எடுத்தாள்.

இருவரும் முடிச்சுகளை வெட்டி மணிகளைச் சுளகில் கொட்டினார்கள். நிஸ்றா பேசாமல் ஒன்றைக் கோத்து நீட்டினாள். சுலோஜனா எண்ணிப் பார்த்தாள். மறுபடியும் முப்பத்துமூன்று.

“வாய்விட்டு எண்ணுகா. எனக்குக் கேக்கணும்.”

எண்ணினாள். இருபத்தேழு என்று வாய் சொன்னது. கை அடுத்த மணிக்குப் போனது. சுலோஜனா மணிக்கட்டைப் பிடித்தாள்.

“போதும். முடிச்சுப் போடு.”

அடுத்ததிலும் பிடிக்க வேண்டியிருந்தது. பத்தாவது காப்பில் கை தானாக நின்றது. நாற்பதையும் வாய்விட்டு எண்ணிக் கோத்து முடிய, பள்ளிவாசலில் பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். வியாழக்கிழமை இன்னும் நூறு காப்புக்கு மணி கொண்டுவாறன், ஏலுமா என்று சுலோஜனா வாசலில் நின்று கேட்டாள்.

“ஏலும்.”

எண்ணி எண்ணிக் குரல் கம்மியிருந்தது. நிஸ்றா போத்தல் தண்ணீரை முழுவதும் குடித்தாள். றிஷாட் போன பிறகு அவள் இவ்வளவு நேரம் வாய் திறந்திருந்தது இன்றைக்குத்தான்.