நடுக்கம் வராத மூன்று நாள்

கிட்ட வாருங்கள் என் கண்மணிகளே, கால் மரத்துப்போனால் நீட்டிக்கொள்ளுங்கள். கடலிலிருந்து முழுதாக மேலே வராத ஒரு மனிதனின் கதை சொல்லப்போகிறேன். கதை முடியும்வரை உங்களோடுதான் இருப்பேன்.

ஐம்பத்து மூன்றாம் ஆண்டு. திருகோணமலை உட்துறைமுகத்தில் மூழ்கிக் கிடந்த பழைய கப்பலை மேலே இழுக்க, அதில் சங்கிலி மாட்ட ஒருவரும் துணியவில்லை. சுழியோடி அபூதாஹிர் இறங்கினார். அவர் இடுப்புக் கயிற்றின் மறுமுனை மனைவி ஸல்ஹாவின் தம்பி றஊப்பின் கையில். சுழியோடியின் கயிற்றை மச்சான்தான் பிடிப்பான்; கூடப்பிறந்தவளை அவன் விதவையாக்க மாட்டானே. மேலே வந்தவனின் உடம்பு நடுங்கத் தொடங்கிய பிறகே கயிற்றை அவிழ்ப்பார்கள்; நடுங்கினால்தான் ஆள் முழுதாக மேலே வந்துவிட்டான் என்று கணக்கு. அன்று வேலை கொடுத்த வெள்ளைக்காரத் துரை கைகுலுக்க நெருங்கியதும், றஊப் அவசரப்பட்டு முன்னதாகவே அவிழ்த்துவிட்டான்.

மூன்று நாளாயிற்று. அபூதாஹிர் சோறு தின்றார், கேட்டதற்குப் பதில் சொன்னார். ஆனால் எத்தனை முறை துடைத்தாலும் கை ஈரமாகவே இருந்தது.

துரை பாராட்டி எழுதிக் கொடுத்த இங்கிலீஷ் கடிதத்தை ஸல்ஹா, பக்கத்துத் தெருவில் இருந்த படித்த மனிதர் கிளாக்கர் கனகசுந்தரத்திடம் கொண்டுபோனாள்.

“இன்ட்ரெப்பிட் எண்டு எழுதியிருக்கிறார் பிள்ளை. பெரிய துணிச்சல்காரன் எண்டு அர்த்தம்.” சொல்லின் வேர் தேடுவதில் அவருக்குப் பைத்தியம். தடித்த அகராதியைப் புரட்டினார். “லத்தீன்ல ட்ரெப்பிடுஸ் எண்டால் பதறி நடுங்கிறவன். முன்னால ‘இன்’ சேர்ந்தால், நடுங்காதவன். இந்தச் சொல் ரோமாபுரியில இருந்து உங்கட வீட்டுக்கு வந்திருக்கு, கதிரை போட்டு இருத்துங்கோ.”

ஸல்ஹா சிரிக்கவில்லை. “ஓம் ஐயா. அவர் இன்னும் நடுங்கல்லதான்.”

நேரே தம்பியிடம் போனாள். “கயித்தை எடு.”

“மச்சானைத் திரும்ப இறக்க என்னால ஏலாது ராத்தா.”

“அவரை இல்ல. கயித்தை மட்டும்.”

பட்டப்பகல். தோணியில் அபூதாஹிர் அவள் பக்கத்தில் அசையாமல் இருந்தார். றஊப் வெறும் கயிற்றை அதே இடத்தில் இறக்கினான். நெடுநேரம் அது தொய்ந்து கிடந்தது. பிறகு கீழிருந்து மூன்று முறை இழுபட்டது. தூக்கு என்று சுழியோடி காட்டும் சைகை அது.

இருவருமாக இழுத்தார்கள். ஓர் ஆளின் பாரம், உள்ளங்கை உரிந்தது. முனை மேலே வந்தபோது சுருக்கில் ஒன்றுமில்லை. தண்ணீர் சொட்டியது. ஸல்ஹா அந்தச் சுருக்கைக் கணவனின் இடுப்பில் மாட்டினாள்.

“அவிழ்க்கவா ராத்தா?”

“பொறு.”

முதலில் அபூதாஹிரின் பற்கள் அடித்துக்கொண்டன. பிறகு தோள், பிறகு முழங்கால். தோணியே ஆடியது.

“குளிருது புள்ள,” என்றார்.

“இப்ப அவிழ்,” என்றாள் ஸல்ஹா.

என் செல்லங்களே, உங்கள் வீட்டு வாசலைத் தாண்டுகிற ஒவ்வொருவரும் போனபடியே முழுதாகத் திரும்பி வரட்டும். உங்கள் அடுப்பு ஒருநாளும் ஆறாதிருக்கட்டும்.