இரண்டாவது ஏழு

என் கணவர் இறந்த ஒரு வாரத்துக்குள் கொழுந்தன் வந்து ஒரே ஒரு பொருளைக் கேட்டார். கார் வேண்டாம், கைக்கடிகாரம் வேண்டாம். அண்ணனுடைய கோல்ஃப் மட்டைப் பை வேண்டும்.

"உங்களுக்கு அது எதுக்கு அண்ணி? சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது."

"அப்புறம் வந்து எடுத்துக்கலாம் தம்பி" என்றேன். அப்போது யார் எதைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். எனக்கு அழுகை வரவில்லை, பசியும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாயோடு பேசுகிறவள் மாதிரி எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் "மனசுக்குள்ளயே வெச்சுக்காத, அழுதுடு" என்று முதுகைத் தடவினார்கள். வைத்துக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை என்பதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

மறுநாளும் ஃபோன் செய்தார் கொழுந்தன். அதற்கு மறுநாளும். டிவியில் கோல்ஃப் வந்தால் கொட்டாவி விடுகிற மனிதர் அவர்.

நான் ஒரு துணிக்கடையில் ஆல்டரேஷன் பிரிவில் இருக்கிறேன். பேன்ட் நீளம் குறைப்பது, இடுப்பைப் பிரிப்பது, சட்டைக் கையை ஏற்றித் தைப்பது. யாருடைய துணியையும் பாக்கெட்டைத் தடவிப் பார்க்காமல் நான் திருப்பிக் கொடுத்ததில்லை. அந்தப் பழக்கத்தில்தான் பையைத் திறந்தேன். உள்ளே சில மட்டைகளுக்குக் குண்டுத் தலை, சிலவற்றுக்குத் தட்டைத் தலை. ஒன்றும் விளங்கவில்லை. என்னவென்று தெரியாததை எடுத்துக் கொடுக்கக் கை வரவில்லை.

இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு முறை "நானும் வரட்டுமா?" என்று அவரைக் கேட்டிருக்கிறேன். "உன் உயரத்துக்கு மட்டையே கிடையாதுடி" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் ஆடப் போவார், நான் வாரத்துக்கான சட்டைகளை இஸ்திரி போடுவேன்.

விடுமுறை நாளில் பையை ஒரு டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு ஊர்க்கோடியில் இருக்கும் பயிற்சி மைதானத்துக்குப் போனேன். அவர் போகும் கிளப் இல்லை. பச்சை வலை கட்டி, பிளாஸ்டிக் வாளியில் பந்து தருகிற சாதாரண இடம். சொல்லிக் கொடுக்க ஒரு பெண் இருந்தாள். முகத்தில் பாதியைத் தொப்பி மறைத்திருந்தது. அவளுக்கு மனதுக்குள் தொப்பிக்காரி என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

"எதுவும் தெரியாதா அக்கா? நல்லதாப் போச்சு. தப்பாக் கத்துக்கிட்டு வர்றவங்களைத் திருத்தறதுதான் கஷ்டம்" என்று மட்டைகளை ஒவ்வொன்றாக உருவினாள்.

"இது டிரைவர். ரொம்ப தூரம் போறதுக்கு."

"வண்டி எங்க?"

அவள் ஒரு விநாடி முழித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் நிஜமாகவே கேட்டேனா, கிண்டல் செய்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

"இதுக்கு வுட்னு பேரு."

"இரும்பாட்டம் இருக்கே."

"முன்னாடி கட்டையில செஞ்சாங்க. பேரு அப்படியே நின்னுடுச்சு. இந்தத் தட்டைத் தலை எல்லாம் அயர்ன். நம்பர் ஏற ஏற மட்டை குட்டையாகும். பந்து உசரமாப் போகும், ஆனா கிட்டக்கவே விழும்." ஆயுசெல்லாம் நான் பிடித்த அயர்ன் வேறு. கேட்டுக்கொண்டேன். "இது வெட்ஜ். ஆப்புன்னு வெச்சுக்கங்க. மணல்ல மாட்டிக்கிட்டா இதுதான் காப்பாத்தும்." ஆப்பு ஒரு ஆளைக் காப்பாற்றும் என்று அன்றுதான் கேள்விப்பட்டேன்.

தட்டைத் தலைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே வந்தவள் நின்றாள்.

"இதுல ஏழாம் நம்பர் ரெண்டு இருக்கே. ஒரு பையில ஒண்ணுதான் வெச்சுக்குவாங்க."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். ஒன்று நீளம், கனம். மற்றது குட்டை, லேசு, பிடியும் மெலிசு.

"இது லேடீஸ் மட்டை அக்கா. புதுசாக் கத்துக்கறவங்களுக்கு ஏழுலதான் ஆரம்பிப்போம். உங்களுக்குச் சொல்லிக் கொடுக்க வாங்கி வெச்சிருக்காரு பாருங்க. நல்ல மனுஷன்!"

"ஆமா" என்றேன்.

பிடியைப் பார்த்தேன். முழங்கை தேய்ந்த சட்டையைப் பார்த்தே அதைப் போட்டவர் மேசையில் எப்படிச் சாய்வார் என்று சொல்லிவிடுவேன். இந்த ரப்பர் ஒரு நாள் இரண்டு நாளில் தேய்ந்ததில்லை. கட்டைவிரல் அழுத்திய இடத்தில் சின்னதாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. என் விரலை வைத்தேன். பொருந்தியது.

"நின்னு பாருங்க... அட, அளவெடுத்த மாதிரி இருக்கு!"

இதைப் பிடித்துப் பிடித்துத் தேய்த்தவளும் என் உயரம்தான்.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒருத்தி இருந்தாள் என்பது யாரோ பக்கத்து வீட்டுச் செய்தி மாதிரி காதில் விழுந்து நின்றது. அந்த உயரப் பொய்தான் உறுத்தியது. அளவு எடுப்பதே பிழைப்பாக இருக்கிறவள், அதை நம்பி, கூடச் சிரித்தும் வைத்திருக்கிறேன்.

வாளி காலியாகும்வரை அடித்தேன். பாதிக்கு மேல் காற்றைத்தான் அடித்தேன். கடைசியில் ஒரு பந்து எழும்பிப் போய் வலையில் மோதியது. கட்டைவிரலில் கொப்புளம் போட்டிருந்தது. அழுத்திப் பார்த்தேன், வலித்தது. அவர் போன பிறகு எனக்கு வலித்தது அதுதான் முதல் முறை.

அன்று சாயங்காலம் கொழுந்தனை நானே கூப்பிட்டேன். வந்தார். நாற்காலியில்கூட உட்காராமல் பையைத் திறந்து மட்டைகளை விலக்கி விலக்கிப் பார்த்தார்.

"அண்ணி... இதுல சின்னதா ஒண்ணு இருக்குமே?"

"கோல்ஃப் பத்தி உங்களுக்கு எப்போலேர்ந்து இவ்வளவு தெரியும் தம்பி?"

"இல்ல அண்ணி, அது இரவல் வாங்கினதாம். அவங்க கேட்டாங்க..."

"அவங்க என் உயரம்தானே?"

அவர் பையின் ஜிப்பை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "ஆமா அண்ணி" என்றார்.

"என் உயரத்துக்கு மட்டையே கிடையாதுன்னு உங்க அண்ணன் சொல்லியிருந்தாரு. கிடைச்சிடுச்சு, எடுத்து வெச்சுக்கிட்டேன். மத்ததெல்லாம் கொண்டு போங்க."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார். "அவங்ககிட்ட நான் என்ன சொல்றது?"

"வேணும்னா நேர்ல வந்து கேக்கச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் வேண்டாம், அன்னிக்கு எனக்குக் கிளாஸ் இருக்கு."