செல்வமேரியின் சாட்சி

மகனுக்கு எதிராகத் தாயே கூண்டேறிச் சாட்சி சொல்லும் அந்தப் பழைய நாடகத்தைப் புனேயில் கட்கி பகுதித் தமிழர்கள் நாங்கள் பொங்கல்தோறும் போடுவோம். தாய் வேடம் என் மனைவி செல்வமேரிக்கு. திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. மற்றவர்கள் என் உயிரை வாங்குவார்கள். அவளுக்கு ஒருநாளும் எடுத்துக் கொடுத்ததில்லை. மைக் மக்கர் செய்தாலும், "இவன் என் மகன்தான். கொன்றவனும் இவன்தான்" என்று அவள் சொன்னால் கடைசி வரிசையில் கடலை கொறிப்பவன்கூடக் கையை நிறுத்திவிடுவான்.

தொண்ணூற்றெட்டில், புனேயில் சினிமா படித்த நிர்மல் என்ற பையன் அதே நாடகத்தைப் படமாக்கினான். எங்கள் மேடையைப் பார்த்திருந்ததால், தாய் வேடத்துக்கு இவளையே சென்னைக்கு அழைத்துப் போனான். கேமரா முன்னால் பேசியதோடு தன் வேலை முடிந்தது என்று இவள் ஊர் திரும்பினாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மேடைக்காரர்களுக்கு வேறென்ன தெரியும்? வாயைத் திறந்தால் நம் குரல்தானே வரும்.

படம் வெளியானதும் பத்திரிகைகள் கிழி கிழியென்று கிழித்தன. நாடகத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்றது ஒன்று. வெறும் நாடகமாகவே இருக்கிறது என்றது இன்னொன்று. ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைக்கக் கூடாதா? ஆனால் தாயை மட்டும் எல்லாரும் புகழ்ந்தார்கள். தாமதமாக வந்து சேர்ந்த வார இதழைப் பக்கத்து வீட்டுத் தமிழரசி வாய்விட்டுப் படித்தாள்.

"படத்தைக் காப்பாற்றுவது தாயின் குரல் ஒன்றுதான். உரக்கப் பேசாமல், முணுமுணுப்பாலேயே அழவைக்கிறது."

படித்துவிட்டு அவளே சிரித்தாள். "முணுமுணுப்பா? அக்கா, நீ பேசினா ஸ்டேஷன் வரைக்கும் கேக்குமே."

"சினிமால மைக்க கிட்டக்க வெச்சிருப்பாங்கடி" என்றாள் செல்வமேரி. அந்தப் பக்கத்தைக் கிழித்து பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள்.

புனேயில் தமிழ்ப் படம் என்றால் ஞாயிறு காலைக் காட்சி மட்டும்தான். சர்ச் பூசையைக்கூட விட்டுவிட்டு எங்கள் காலனியே தியேட்டருக்குத் திரண்டது. திரையில் செல்வமேரி வந்ததும் விசில் பறந்தது. அவள் வாயைத் திறந்தாள். வேறு எவளோ பேசினாள்.

விசில் அப்படியே அடங்கிப்போனது. வருஷா வருஷம் அவளைக் கேட்டவர்கள், அவர்களுக்கா தெரியாது? படம் முடிந்து வெளியே வந்தபோது ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

நிர்மலுக்கு எஸ்டிடி பூத்திலிருந்து போன் செய்தேன்.

"அவங்க தமிழ்ல இந்தி வாடை அடிக்குதுன்னு இங்க எல்லாரும் சொன்னாங்க சார். இங்க ஒரு ஆர்ட்டிஸ்ட்ட வெச்சு டப் பண்ணிட்டோம். வழக்கமா பண்றதுதான்."

வழக்கமாம். பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? செல்வமேரி அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த பொங்கலுக்கும் நாடகம் போட்டோம். கூண்டுக் காட்சியில் அவள் மெல்ல, முணுமுணுப்பாக, அந்தச் சென்னைக்காரியைப் போலவே பேசத் தொடங்கினாள்.

"கேக்கல" என்றார்கள் கடைசி வரிசையிலிருந்து.

அவள் குரல் இன்னும் இறங்கியது. வசனம் மறந்துவிட்டதோ என்று பயந்து, முதல்முறையாக அவளுக்கு எடுத்துக் கொடுத்தேன்.

"இவன் என் மகன்தான்..."

அவள் என் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது.

"மறக்கலைங்க. இப்பிடிப் பேசினாத்தான் நல்லாருக்குன்னு எழுதியிருந்தாங்களே."

அது மட்டும் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.