ஓக் கொட்டைக் கஞ்சி

சுவிஸ் நகரமான சோலோதுர்னில், தனியாக இருக்கும் முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிப்பது தில்லைநாயகியின் வேலை. அந்த இலையுதிர்காலத்தில் அவளுக்குக் கவலையாக இருந்தவர் டொலோரஸ். கலிபோர்னியாவில் சலினன் பழங்குடியில் பிறந்து, சுவிஸ்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு வந்தவர். கணவர் இறந்தபின் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வைத்த சூப் வைத்தபடியே ஆறிப்போகும்.

ஒருநாள் ஆரே ஆற்றங்கரையில் நடந்தபோது, டொலோரஸ் குனிந்து குனிந்து ஓக் மரத்துக் கொட்டைகளைப் பொறுக்கிக் கோட்டுப் பையில் போட்டார்.

“என்னத்துக்கு இது?” என்று தில்லைநாயகி ஜெர்மன் மொழியில் கேட்டாள்.

“சாப்பிட. எங்கட சனத்துக்கு இதுதான் சோறு. அம்மா இடிப்பா, கசப்புப் போக நான் தண்ணி ஊத்துவன்.”

சாப்பிட என்ற சொல்லை அவர் வாயால் கேட்டதே தில்லைநாயகிக்குப் போதுமாயிருந்தது. அவளும் குனிந்து பொறுக்கினாள்.

கொட்டைகளை ஹீட்டரின்மேல் பரப்பிக் காயவைத்தார்கள். சில நாளில் அவை காய்ந்ததும் தில்லைநாயகி தன் வீட்டிலிருந்து சம்பல் உரலைக் கொண்டுவந்தாள். இருவரும் ஓட்டை உடைத்து, பருப்பை மாறி மாறி இடித்தார்கள். மாவைத் துணியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள், கசப்புப் போகவில்லை. அதற்குள் அடுத்த வீட்டுக்குப் போகவேண்டிய நேரம் வந்தது. மாவை அவள் தன்னோடு எடுத்துப்போனாள்.

அன்று பின்னேரம் அவள் கணவர் இரவீந்திரன் ஒரு கிள்ளு வாயில் போட்டு முகத்தைச் சுளித்தார். “வேப்பங்காய் மாதிரிக் கிடக்கு. இதையோ அந்த மனிசிக்குக் குடுக்கப்போறீர்?”

“கசப்புப் போகுமட்டும் ஊத்தவேணுமாம். துணியைப் பிடியுங்கோ.”

அவர் பிடித்தார். அவள் ஊற்றினாள். கைமாறிக் கைமாறி ஊற்றியதில் தண்ணீர் தெளிந்தது. மறுபடி அவர் ருசித்துப் பார்த்து, கசப்பில்லை என்று தலையாட்டினார்.

மறுநாள் டொலோரஸின் அடுப்பில் கஞ்சி கொதித்தது. தில்லைநாயகி உப்பை எடுக்கப் போனாள்.

“வேண்டாம், அம்மா போடமாட்டா,” என்றார் டொலோரஸ்.

முதல் கரண்டியை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு விழுங்கினார். இன்னொரு கரண்டி எடுத்தார். நாற்காலியை இழுத்து, “நீயும் இரு,” என்றார். வேலைக்குப் போகிற வீட்டில் தில்லைநாயகி சாப்பிடுவதில்லை. அன்று இருந்தாள்.

“அவருக்கு இது பிடிக்காது,” என்று டொலோரஸ் கணவரைப் பற்றி முதன்முதலாகக் கதைத்தார். “ஒரு ருசியுமில்லை எண்டுவார். ஆனா நான் காய்ச்சினால் கோப்பையை வழிச்சுத்தான் வைப்பார்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பானையில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார்.