வாத்து சொன்ன இங்கிலீஷ்

இங்கிலீஷ் என்றாலே மணிமொழிக்குக் கை வியர்த்துவிடும். செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைத் தாண்டி ஒரு தங்கும் விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை அவளுக்கு. வெளிநாட்டுக்காரர் யாராவது எதிரே வந்தால் துடைப்பத்தோடு அடுத்த அறைக்குள் நழுவிவிடுவாள். அவர்களிடம் பேசுவதெல்லாம் முதலாளி சுப்பிரமணியின் பாடு.

அவள் கணவன் காசி ஆட்டோ ஓட்டுகிறவன். சவாரிக்கு உதவுமே என்று செல்போனில் இங்கிலீஷ் கார்ட்டூன் பார்க்கத் தொடங்கியிருந்தான். ஒருநாள் காலையில் அவள் தலை பின்னிக்கொண்டிருந்தபோது போனை நீட்டினான்.

“மணி, இந்தக் கரடிய பாரேன். சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது.”

குண்டுக் கரடி ஒன்று அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தூங்கிப் போயிருந்தது. பால் பொங்கி வழிவதை ஜன்னல் வழியாகப் பார்த்த வாத்து, “டர்ன் இட் ஆஃப்!” என்று கத்தியது. கரடி துள்ளி எழுந்து ஃபேனை நிறுத்தியது. வாத்து இன்னும் பலமாகக் கத்தியது. கரடி லைட்டை அணைத்தது, டிவியை அணைத்தது, அடுப்பை மட்டும் விட்டுவிட்டது. கடைசியில் பாலில் வழுக்கிப் பாத்திரத்துக்குள் தலைகுப்புற விழுந்து, “ஐ ஆம் ஸ்டக்!” என்று அலறியது.

“ஆஃப்னா சுவிட்சுதானே? கரடி மேல என்னா தப்பு?” என்றாள் மணிமொழி.

“அடுப்பு திருகறதுக்கும் அதே வார்த்தைதானாம். ஸ்டக்னா மாட்டிக்கிச்சுனு அர்த்தம்.”

அதன் பிறகு எத்தனையோ காலைகளில் அதையே போட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். மாடவீதி நெரிசலில் ஆட்டோ நின்றுபோனால்கூட இருவரும் ஒரே குரலில் “ஸ்டக்!” என்பார்கள்.

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு நாள், சுப்பிரமணி கல்யாணத்துக்காக வேலூர் போயிருந்தார். மாடிப்படியைத் துடைத்துக்கொண்டிருந்த மணிமொழிக்கு மேலே யாரோ கதவைத் தடதடவென்று இடிக்கிற சத்தம் கேட்டது. மாடி அறையில் ஹெல்கா என்ற வயதான அம்மாள் தனியாகத் தங்கியிருந்தார். மணிமொழி சுப்பிரமணிக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்ததே தவிர அவர் எடுக்கவில்லை. சத்தமோ நிற்கவில்லை. சரி, ஆனது ஆகட்டும் என்று மேலே ஓடினாள்.

அறைக்கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். திரை போட்ட அறை இருட்டாக இருந்தது. காஸ் வாடை மூக்கில் ஏறியது.

பாத்ரூமுக்குள்ளிருந்து குரல் கேட்டது. “டர்ன் இட் ஆஃப்! ப்ளீஸ், டர்ன் இட் ஆஃப்!”

பதற்றத்தில் அவள் கை நேராக ஓடிக்கொண்டிருந்த ஃபேனின் சுவிட்சுக்குப் போனது. விரல் படப்போகிற நேரத்தில் அந்தக் கரடியின் முட்டாள் முகம் கண்ணில் வந்து நின்றது. சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டாள்.

அடுப்பு! மூலையில் இருந்த அடுப்பில் பால் பொங்கி வழிந்து நெருப்பை அணைத்திருந்தது. காஸ் மட்டும் உஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது. குமிழைத் திருகினாள், சிலிண்டரையும் மூடினாள். ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டாள். ஈரக்காற்று உள்ளே பாய்ந்தது.

“ஆஃப், மேடம்! ஆஃப்!” என்று கத்தினாள்.

“தேங்க் யூ... ஐ ஆம் ஸ்டக்!” குரல் தேய்ந்திருந்தது.

மழையில் ஊறி உப்பிப்போன கதவு சட்டத்தோடு இறுகிக்கொண்டிருந்தது. “புஷ்!” என்றார் உள்ளே இருந்தவர். கடைகளின் கண்ணாடிக் கதவில் பார்த்த வார்த்தைதான். மணிமொழி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தோளால் முட்டினாள். மறுபடி மறுபடி முட்டினாள். கதவு படாரென்று திறந்துகொண்டது.

ஈரத் தலையோடு நடுங்கி நின்ற ஹெல்கா அவளை இறுகக் கட்டிக்கொண்டார். மணிமொழி முதலில் விறைத்துப்போய் நின்றாள். பிறகு அவர் முதுகைத் தடவி, “ஒண்ணும் இல்லம்மா, ஒண்ணும் இல்ல” என்றாள். அவரும் தன் ஊர்ப் பாஷையில் எதையோ சொல்லிக்கொண்டே அழுதார். யாருமே இங்கிலீஷ் பேசவில்லை.

சற்று நேரத்தில் சுப்பிரமணியே கூப்பிட்டார். “என்னாச்சும்மா, போன் பண்ணியிருந்தே?”

“பால் பொங்கி அடுப்பு அணைஞ்சு காஸ் வந்துடுச்சு சார். மூடிட்டேன். அந்தம்மா நல்லா இருக்காங்க. பாத்ரூம் கதவ இழைக்கறதுக்கு மட்டும் ஆசாரிய வரச் சொல்லுங்க.”

மறுமுனையில் அவர் பெருமூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது.

மாலையில் காசி அழைத்துப்போக வந்தான். ஆட்டோவில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

“அந்த காஸ்ல சுவிட்ச தட்டி ஒரு பொறி பறந்திருந்தா...”

“தட்டலயே. வுடுங்க.” அவள் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. “பசிக்குதுங்க. எங்கனா நிறுத்துங்க, சூடா எதனா சாப்புடலாம்.”

காசி வண்டியைக் கிளப்பினான். மழை விட்டிருந்தது.